தவணை தவறிய பிறகு: வசூல், வழக்கு, திருப்பிக் கட்டும் வழிகள்

தவணை தவறியதும் நம் பக்கத்தில் பெரும்பாலோர் இரண்டு காரியம் செய்கிறார்கள். போனை அணைத்து வைக்கிறார்கள். பதிவுத் தபால் வந்தால் ஆள் இல்லை என்று சொல்லித் திருப்பி விடுகிறார்கள். மானத்துக்குப் பயந்துதான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் வாங்க மறுத்த தபாலைக் கையில் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அது ஓடுவது தபாலைத் திருப்பியவருக்கு மட்டும் தெரியாது.

திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், தென்காசி வட்டாரத்தில் முதன்முறையாகக் கடன் சிக்கலில் மாட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாசலில் நிற்கும் வசூல் ஆள், வக்கீல் நோட்டீஸ், கோர்ட்டுச் சம்மன் என்ற மூன்றுக்கும் உள்ள அதிகாரம் வேறு வேறு. பலர் வசூல் ஆளைக் கண்டு கோர்ட்டுக்குப் பயப்படுவது போலப் பயப்படுகிறார்கள். கோர்ட்டுச் சம்மன் வந்தால் அதை அலமாரியில் செருகி வைத்துவிடுகிறார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர் தலைகீழ்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கடனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி, கையில் வந்த தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, கடைசியாகக் கட்டிய தேதி, ஜாமீன் போட்டது யார் என்று எழுதுங்கள். முக்கியமாக, அவர்கள் கையில் உங்களுடையது என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். புரோநோட்டா (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்த சீட்டு), தேதி போடாத செக்கா, வீட்டுப் பத்திரமா, நகையா, வெறும் பாஸ் புத்தகக் கையெழுத்தா?

"கையில் வந்த தொகை" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைத்தெருவில் ஓடும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பார்கள். பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக உங்களிடம் நிற்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 என்றால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்ற "இரண்டு வட்டி" ஆண்டுக்கு 24 சதவீதம், "பத்து வட்டி" 120 சதவீதம். எல்லாக் கடனையும் ஆண்டு வட்டிக்கு மாற்றி எழுதிப் பார்த்தால்தான் எது கடன், எது சுரண்டல் என்று கண்ணுக்குத் தெரியும்.

யாருக்கு முதலில் கட்டுவது? வழக்கமாக யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்குத்தான் கொடுக்கிறோம். திங்கள்கிழமை காலையில் குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் நாலு பேர் முன்னால் கேட்பார், அதனால் அவருக்கு முதல் மரியாதை. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி அமைதியாகக் கடிதம் மட்டும் அனுப்பும், அதனால் அது கடைசி. சத்தத்தை விட்டுவிட்டு, கட்டாவிட்டால் எது போகும் என்று பாருங்கள். அடமானத்தில் இருக்கும் வீடு, செக் கொடுத்த கடன், ஏலத்துக்குப் போகவிருக்கும் நகை ஆகியவை முன்னால் வர வேண்டும். ஈடு எதுவும் இல்லாத கடன் அதற்கடுத்தது. அரிசி, கரண்டுக் கட்டணம், பிள்ளைகள் படிப்பு, மருந்து இவற்றுக்கான பணத்தை எடுத்து வைத்த பிறகுதான் இந்த வரிசையே தொடங்குகிறது.

இன்னொன்று: ஒரு தவணையைக் கட்ட அதைவிட அதிக வட்டிக்கு வாங்காதீர்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குழுத் தவணைக்காகத் தண்டல், தண்டலைக் கட்ட மீட்டர் வட்டி என்று போனால், இரண்டே வருஷத்தில் முதல் கடன் எதற்கு வாங்கினோம் என்பதே மறந்துபோகும். குழுத் தவணை இரண்டு வாரம் தவறினால் அவமானம்தான். மீட்டர் வட்டியில் விழுந்தால் வீடு போகும்.

வாசலுக்கு வருகிறவர்

வசூல் ஏஜெண்டுக்கு உங்கள் வீட்டுக்குள் நுழைய, பொருளை எடுக்க, வண்டிச் சாவியைப் பிடுங்க எந்த அதிகாரமும் கிடையாது. கேட்கலாம், நினைவூட்டலாம், அவ்வளவுதான். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிலுவைக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. குழுக் கடன் போன்ற சிறுகடன்களுக்கு இன்னும் கண்டிப்பு: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூடாது. வசூல், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையாவது நீங்கள் அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். அசிங்கமாகப் பேசுவது, சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போன் போடுவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது எல்லாமே விதிமீறல்.

வந்தவரிடம் அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். "ஏன் சார், நீங்க எந்தக் கம்பெனி?" என்று அமைதியாகக் கேட்டாலே பலர் குரல் இறங்கிவிடும். பேச்சைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் நிறுவனத்தின் ரசீது வேண்டும். ஏஜெண்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அது உங்கள் கணக்கில் வரவாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அத்து மீறினால் முதலில் அந்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். அடி, மிரட்டல் என்று போனால் அதற்குக் குறைதீர்ப்பாளர் போதாது, காவல் நிலையம்தான்.

செல்போன் செயலிக் கடன் தனி வகை. உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலி எடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. படத்தை வெட்டி ஒட்டி அனுப்பி மிரட்டுகிறவர்கள் பெரும்பாலும் எந்த உரிமமும் இல்லாதவர்கள். அவர்களுக்குப் பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் கூடும். 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் உடனே சொல்லுங்கள்.

கந்துவட்டி என்றால்

2017 அக்டோபர் 23, ஒரு திங்கள்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்து இறந்தது. அவர்கள் மனுவே கொடுக்காதவர்கள் அல்ல, பலமுறை கொடுத்தவர்கள். அதனால் "புகார் கொடுங்கள், சரியாகிவிடும்" என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புகாரை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அந்தச் சட்டம் தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். நியாயமாகக் கட்ட வேண்டியதைக் கோர்ட்டிலேயே செலுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திரும்பக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. வட்டித் தொழில் செய்கிறவர் தாசில்தாரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதையும் மனுவில் எழுதுங்கள். வற்புறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது.

மனுவில் கண்ணீர்க் கதையைச் சுருக்கி, கணக்கை நீட்டுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், ஜிபே ரசீது, வரவு எழுதிய சீட்டு, மிரட்டிய நாளும் நேரமும், அப்போது பக்கத்தில் இருந்தவர் பெயர். அந்த நோட்டுப் புத்தகம் இங்கேதான் கைகொடுக்கும். டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை பக்கமென்றால் மாநகரக் காவல் ஆணையர். மற்ற ஊர்களுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். காவல் நிலையத்தில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்காமல் வராதீர்கள். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கும் எண் உண்டு, அதைக் குறித்து வையுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் அடுத்த மனுவை அதே இடத்தில் கொடுக்காமல், இந்த எண்களோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

காவல் நிலையத்திலோ ஊர்ப் பெரியவர் வீட்டிலோ உட்கார வைத்து, கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமோ பவர் பத்திரமோ எழுதிக் கொடு என்றால் எழுதாதீர்கள். "சும்மா ஒரு செக்யூரிட்டிக்குத்தான், பணம் கட்டினதும் திருப்பித் தந்துருவோம்" என்பார்கள். பதிவாகிவிட்ட கிரயத்தை உடைக்க வருஷக்கணக்காகும்.

மனசு தாங்காமல் போகும் இரவுகளும் வரும். அப்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். வீட்டில் ஒருவருக்காவது கடன் முழுவதையும் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் வந்தால் எந்த வகை என்று பாருங்கள்

வக்கீல் நோட்டீஸ் கோர்ட்டு உத்தரவு அல்ல. கடன் கொடுத்தவர் தன் வக்கீல் மூலம் எழுதிய கடிதம் அது. ஆனாலும் பதில் போட வேண்டும். கட்டியதையெல்லாம் மறைத்து முழுத் தொகையையும் கேட்டிருந்தால், மறுக்க வேண்டிய முதல் இடம் இந்தப் பதில்தான். பின்னால் கோர்ட்டில் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள்.

செக் திரும்பிய நோட்டீஸ்தான் அவசரமானது. பணமில்லாமல் செக் திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து கட்ட 15 நாள். அதற்குள் கட்டினால் வழக்கே கிடையாது. தாண்டினால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது செக் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். தேதியும் தொகையும் எழுதாமல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்குதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பாகிவிடும். இந்தச் சம்மனுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்டு வரும். கடன் விஷயத்தில் போலீஸ் உண்மையாகவே வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். நல்ல செய்தி என்னவென்றால், செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். சீக்கிரம் முடித்தால் செலவும் குறைவு.

புரோநோட்டுக்குக் காலக்கெடு மூன்று வருஷம். கேட்கும்போது கொடுப்பதாக எழுதிய நோட்டு என்றால், எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடியும் மூன்று வருஷம். இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. கட்டியதற்குச் சாட்சியாக வரவு எழுதத்தான் வேண்டும். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காலம் கடந்த பழைய நோட்டுக்குப் பதிலாகப் புது நோட்டு எழுதிக் கொடுத்தால், செத்த கடனுக்கு நீங்களே உயிர் கொடுக்கிறீர்கள்.

அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளைகள் பொறுப்பா என்ற கேள்வி துக்க வீட்டிலேயே வந்துவிடும். அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. சொத்தே வரவில்லை என்றால் கடனும் உங்களைத் தொடராது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்னால் வந்து "அம்மா, இதுல ஒரு கையெழுத்து" என்று கேட்கிறவரிடம், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஜாமீன்தாரர் விஷயம் வேறு. கடன் வாங்கியவருக்கு உள்ள அதே முழுப் பொறுப்பு அவருக்கும் உண்டு. முதலில் கடன் வாங்கியவரைக் கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வா என்று சொல்ல முடியாது.

வண்டிக் கடன், தனிநபர் கடன் கொடுத்த நிறுவனங்கள் சில சமயம் கோர்ட்டுக்குப் போகாமல் சென்னையிலிருந்து ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரிப்பது) நோட்டீஸ் அனுப்பும். தூரத்து ஊர் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே வரும் தீர்ப்பைக் கோர்ட்டு டிக்ரி (தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றலாம். நடுவரை அந்த நிறுவனமே தன் இஷ்டத்துக்கு நியமித்திருந்தால், எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்யுங்கள். தீர்ப்பு வந்துவிட்டால் அதை எதிர்க்க மூன்று மாதம்தான் இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போவது

தொகையைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டிலோ சப் கோர்ட்டிலோ வழக்கு வரும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூரில் கோர்ட்டுகள் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகம் பாளையங்கோட்டையில். சம்மனோடு வழக்கின் நகலும் வரும். அதில் வழக்கு எண், எந்தக் கோர்ட்டு, ஆஜராக வேண்டிய தேதி மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு அன்றே வக்கீலைப் பாருங்கள். எதிருரை தாக்கல் செய்யப் பொதுவாக 30 நாள். காரணம் காட்டினால் 90 நாள் வரை கோர்ட்டு தரலாம். ஆனால் புரோநோட்டு, செக் அடிப்படையில் "சுருக்க வழக்கு" போட்டிருந்தால் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், பிறகு எதிர்வழக்காட அனுமதியும் கேட்க வேண்டும். சம்மனில் எது என்று எழுதியிருக்கும்.

போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. எதிர்த்தரப்பு சொன்னது அப்படியே தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் உண்டு; ஏன் வரவில்லை என்பதற்கு நல்ல காரணமும் வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வியாபாரக் கடன் அல்லாத சாதாரணக் கைமாற்றுக் கடனில், தீர்ப்புக்குப் பிறகு அசலுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி போடக் கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை. இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று ஓடிக்கொண்டிருந்தது அங்கே நின்றுவிடும். தவணையாகக் கட்ட அனுமதி கேட்டால், வருமானத்தைப் பார்த்து டிக்ரியிலேயே தவணை போடவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆகவே வழக்கு வந்துவிட்டதே என்று இடிந்துபோக வேண்டாம். திண்ணையில் பேசித் தீராத வட்டிக் கணக்கு கோர்ட்டில் தீரும்; நீங்கள் போய் நின்றால்தான் தீரும்.

டிக்ரி ஆன பிறகும் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போடுவார்கள். அதற்கு 12 வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. ஜப்திக்கு அமீனா என்ற கோர்ட்டு ஊழியர் வருவார். அவர் கையில் கோர்ட்டு வாரண்டு இருக்கும், கேட்டுப் பாருங்கள். அவரும் எல்லாவற்றையும் தொட முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போன்று பிரிக்கக் கூடாத நகை, கைத்தொழில் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகளும் மாடும், விவசாயியும் தொழிலாளியும் குடியிருக்கும் சொந்த வீடு, ஓய்வூதியம், சேமநல நிதி இவையெல்லாம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் விலக்கு பெற்றவை. பத்தமடைப் பாய் நெய்கிறவரின் தறி அப்படியே இருக்கும். பீடி சுற்றும் கூலியையும் பிடிக்க முடியாது. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போகத்தான் பிடித்தம். அடமானம் எழுதிக் கொடுத்த வீட்டுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஜெயிலில் போடுவார்களா? பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆண்களையும், கட்ட வசதி இருந்தும் ஏமாற்றினால்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், அதுவும் அதிகபட்சம் மூன்று மாதம். வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வீடு அடமானத்தில் இருந்தால்

வங்கி கோர்ட்டுக்குப் போகாமலேயே சர்ஃபாசி என்ற வங்கிக் கடன் மீட்புச் சட்டப்படி வீட்டை எடுக்கலாம். 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு 60 நாள் நோட்டீஸ். அந்த 60 நாளில் உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்; வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு சுவாதீன நோட்டீஸ் சுவரில் ஒட்டப்படும், பேப்பரிலும் வரும். ஆட்சியரோ தலைமைக் குற்றவியல் நடுவரோ கொடுக்கும் உத்தரவோடு ஆள் வருவார்கள். சுவாதீன நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கோர்ட்டுக்கு இதில் அதிகாரம் இல்லை. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. களக்காட்டு வாழைத் தோட்டத்தை வங்கி இந்த வழியில் எடுக்க முடியாது, சிவில் வழக்குத்தான் போட வேண்டும்.

முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். அதனால் விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், வங்கியிடம் சொல்லிவிட்டு நீங்களே ஆள் பார்த்து விற்றுவிடுங்கள். ஏலத்தில் போகும் விலையைவிட அது நிச்சயம் மேல்.

கட்டும் வழிகள்

கட்ட மனமிருக்கிறது, இப்போது முடியவில்லை என்றால் மேலாளரிடம் நேரில் போய் எழுத்தில் கேளுங்கள்: தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா? விவசாய வருமானம் என்றால் பிசான அறுவடை எப்போது, நெல் விற்றுக் காசு கைக்கு வருவது எப்போது என்று குறிப்பிட்டு, அதையொட்டித் தேதி கேளுங்கள். நகைக் கடன் என்றால் ஏலத் தேதிக்கு முன் வட்டியை மட்டுமாவது கட்டி மாற்றி வைக்கக் கேளுங்கள். நகை ஏலம் போய்விட்டால், கடன் போக மிச்சம் உங்கள் பணம். கேட்டு வாங்குங்கள்.

கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் புரட்ட முடியுமென்றால் ஒரே தடவை செட்டில்மெண்ட் பேசலாம். வங்கி சொல்வதை வாயால் நம்பாமல் கடிதமாக வாங்குங்கள். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், இதோடு கணக்கு முழுவதும் முடிகிறது என்ற வாசகம், போட்ட வழக்கை வாபஸ் வாங்குவார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசித் தவணை தவறினால் கொடுத்த சலுகை முழுவதும் போய்விடும். அதனால் முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள். செட்டில்மெண்ட் செய்த கணக்கு, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "முழுதும் கட்டியது" என்று வராது, சமரசமாக முடிந்தது என்றுதான் வரும். சில வருஷம் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். இன்றைய நிலையில் அது பெரிய நஷ்டமில்லை என்பது என் கருத்து.

பேச நமக்கு வாய் வராது என்றால், சமரசமாகப் பேசி முடிக்கும் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) இருக்கிறது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், தாலுகா கோர்ட்டுகளில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிலும் மனுக் கொடுக்கலாம். வழக்கு வருவதற்கு முன்பும் கொடுக்கலாம், நடந்துகொண்டிருக்கும்போதும் கொடுக்கலாம். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு கிடையாது, அதனால் கையெழுத்துக்கு முன் தொகையையும் தேதிகளையும் இரண்டு தடவை பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவச வக்கீலும் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு மட்டும் பாதை வேறு. அது கூட்டுறவுத் துறையின் மத்தியஸ்த நடவடிக்கையில் போகும், அங்கே போய்க் கேளுங்கள்.

எதுவுமே முடியாது என்ற கட்டத்தில் மஞ்சள் கடுதாசி, அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு (ஐ.பி.). ஐ.பி. கொடுத்துவிட்டான் என்று ஊரில் கேவலமாகப் பேசுவார்கள். ஆனால் அது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புநிலைச் சட்டம் தரும் உரிமை. 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் சாதாரணத் தனிநபர்களுக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வராததால், நம் பக்கத்தில் பழைய சட்டம்தான் ஓடுகிறது. எல்லாக் கடனையும் எல்லாச் சொத்தையும் மறைக்காமல் காட்டி மனுப் போட வேண்டும். கோர்ட்டு ஏற்றுக்கொண்டால் சொத்து அதன் கைக்குப் போய்க் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும். பிறகு விடுவிப்பு ஆணையும் நீங்களேதான் கேட்டு வாங்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அடமானம் வைத்திருப்பவரை ஐ.பி. தடுக்காது, செக் வழக்கும் இதனால் மறைந்துவிடாது. மனுப் போடுவதற்கு முன்னால் மச்சான் பெயருக்கு வீட்டை மாற்றி எழுதினால் அந்தக் கிரயத்தையே கோர்ட்டு ரத்து செய்யலாம், உங்கள் மேல் நம்பிக்கையும் போய்விடும். ஐ.பி. போட நினைப்பவர் கண்டிப்பாக வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கட்டி முடித்த பிறகு

கடைசித் தவணை கட்டிய சந்தோஷத்தில் காகிதத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. புரோநோட்டைக் கையில் வாங்கிக் குறுக்கே கோடு போட்டு, பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்குங்கள். கொடுத்த செக்குகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஜாமீன் போட்டவருக்கும் ஒரு நகல் கொடுங்கள், அவர் நிம்மதியாகத் தூங்கட்டும். வங்கியிடம் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. அடமானத்தைப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீதுப் பத்திரம் பதிந்து, வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். வண்டி என்றால் படிவம் 35-இல் நிறுவனத்தின் கையெழுத்து வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடன் குறிப்பை நீக்குங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு தடவை இலவசம். இன்னும் பாக்கி என்று காட்டினால் ரசீதோடு திருத்தம் கேட்கலாம். 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.